வண்டி ஏறாத கை

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு நாள் எல்லோரும் இடது கையால் சாப்பிடுவோம். கேட்டவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். நாங்கள் அதைப் பெருமையாகத்தான் செய்துவந்தோம். அது எங்கள் பாட்டுத் தாத்தாவின் நினைவு நாள்.

பாட்டுத் தாத்தா என்பது குடும்பத்தில் வழங்கிய பெயர். பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றோரமாகவே கடற்கரை வரைக்கும் போனாலும், ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குள் நுழைந்தாலும், அவர் கட்டிய கீர்த்தனை ஒன்றாவது காதில் விழும். கோயில் என்று நாங்கள் சொல்வது மணிக்கூண்டு வைத்த கிறிஸ்தவக் கோயிலை. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் அப்பாவின் தாத்தாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. ஆக நாங்கள் அவர் பிள்ளைகள் அல்ல, அவருடைய அண்ணன் வழியில் வந்தவர்கள். ஆனால் பெருமை பேசும்போது இந்த வித்தியாசத்தை யாரும் பார்ப்பதில்லை.

வீட்டு முன்னறையில் அவருடைய ஒரே படம் மாட்டியிருந்தது. மடியில் பிடில். இடது கை பிடிலின் கழுத்தைப் பிடித்திருக்கும். வலது கை சால்வைக்குள் இருக்கும். அந்தக் கையின் கதையைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கன்வென்ஷன் என்கிற ஜெபக் கூட்டத்துக்குப் போகிற வழியில் மாடு மிரண்டு, வண்டிச் சக்கரம் அவர் வலது கையில் ஏறி, எலும்பு நொறுங்கிப்போனது. அதன்பின் அவரால் பிடில் வில்லைப் பிடிக்க முடியவில்லை. சாகும்வரை இடது கையால்தான் சாப்பிட்டார். வண்டிக்காரனை அந்த இடத்திலேயே மன்னித்தார். இந்த மன்னிப்பைப் பற்றி அப்பா அரைமணி நேரம் பேசுவார். அந்த வண்டிக்காரனை எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மன்னித்துக்கொண்டே இருந்தது.

எனக்கு ஏழு வயசாக இருக்கும்போது, நினைவு நாளில் மறந்துபோய் வலது கையால் அப்பளத்தை நொறுக்கினேன். அப்பா எழுந்தார். மேஜையிலிருந்த ரூல்தடியை எடுத்துவந்து என் வலது கை விரல் முட்டியில் இரண்டு வைத்தார்.

"அவ்வளவு பெரிய மனுசன் வாழ்நாள் பூரா இடது கையால தின்னாவ. ஒனக்கு ஒரு நாள் திங்க வலிக்கோ?"

வலித்தது. மூன்று நாள் பென்சில் பிடிக்க முடியவில்லை. கை ஒடிந்த ஒருவரை நினைத்துக்கொள்வதற்குப் பிள்ளையின் கையில் அடிக்கிற வீடு எங்கள் வீடு. இது எனக்கு அப்போது வேடிக்கையாகப் படவில்லை. அடி என்பது சாப்பாடு மாதிரி வேளாவேளைக்கு வருவதுதான் என்று நினைத்திருந்தேன்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். பிரம்பு, புளியம் விளாறு, ரூல்தடி என்று மூன்று வைத்திருந்தார். எந்தக் குற்றத்துக்கு எது என்று பையன்களுக்கே மனப்பாடம். "சார் கையால அடி வாங்குனவன்லாம் இன்னைக்கி ஆபீசராயிட்டான்" என்று ஊரில் சொல்வார்கள். ஆபீசராகாதவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்டதில்லை. என் அண்ணனுக்கு எட்டாம் வகுப்பில் அப்பா கையால் விழுந்த ஒரு அறையில் இடது காது மந்தமானது. அவன் சாகுபடியிலும் இறங்கவில்லை, ஆபீசரும் ஆகவில்லை. ஒரு கடையில் கணக்கு எழுதப் போனான். கல்யாணமாகி ஒரு பெண் பிள்ளை பிறந்ததும் அவனும் கை ஓங்கக் கற்றுக்கொண்டான்.

நான் படம் வரையக் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இருபத்தெட்டு வயசு. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. அதனால் அப்பா வீட்டில்தான் இருந்தேன். சம்பளம் வாங்கும் பெண்ணை அடிக்கக் கூடாது என்று ஒரு நாகரிகம் அப்பாவுக்கு வந்திருந்தது. வாயால் மட்டும் வைவார்.

அந்தச் சமயத்தில்தான் சிறுவர் ஊழிய அலுவலகத்திலிருந்து ஒரு இளவயசு ஐயர் வந்தார். எங்களில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். கோடை விடுமுறை வேதப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பாட்டுத் தாத்தாவைப் பற்றி ஒரு படப் புத்தகம் போட வேண்டும், பதினாறு பக்கம், நானே வரைந்து நானே எழுத வேண்டும் என்றார். இரண்டே நிறம்தான் கட்டுப்படியாகும். கறுப்பும் சிவப்பும். கறுப்பை அட்டையில் இந்தியன் இங்க் மையால் வரைவோம். சிவப்பு வர வேண்டிய இடங்களை மட்டும் மேலே ஒரு டிரேசிங் தாள் போர்த்தித் தனியாக வரைந்து கொடுப்போம்.

"குடும்பத்துல இருந்து சம்மதக் கடுதாசி ஒண்ணு வேணும் டீச்சர். மத்தபடி கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்" என்றார் ஐயர்.

"நான் தாரேன்" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் நெஞ்சு நிமிர்ந்ததைப் பார்க்கணுமே. ஐயரைத் தெருமுனை வரைக்கும் கூடப்போய் அனுப்பிவிட்டு வந்தார். வந்து என் தலையில் கை வைத்தார். அவர் கை அடிக்காமல் என் தலையில் பட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. அழுதுவிடக் கூடாதென்று அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஏழாம் பக்கம் தவிர மற்ற பதினைந்தும் மளமளவென்று முடிந்தன. ஏழாம் பக்கத்தில் வண்டி. எனக்கு மாடு வரைய வராது. மாட்டின் பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். சக்கரத்தையாவது ஒழுங்காக வரைவோம் என்று பாட்டுத் தாத்தாவின் ஊருக்குப் புறப்பட்டேன். அது ஆற்றங்கரையில் வாழைக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

அந்த வருஷம் பஸ்ஸில் போவதே பெரும்பாடு. சாதிச் சண்டையில் ஊருக்கு ஊர் வெட்டும் குத்துமாக இருந்தது. இந்த ஊர்க்காரன் அந்த ஊர் வழியாகப் போக முடியாது. ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு, புழுங்கிச் சாகிற வெயிலில் இருட்டுக்குள் உட்கார்ந்து போவோம். பாதி வழியில் நாலு பேர் ஏறி, இளவட்டங்களை மட்டும் பார்த்து, "ஏலே, நீ எந்த ஊருலே?" என்று கேட்பார்கள். பதில் சொல்கிறவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெண்களை ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதற்காக நன்றி சொல்ல வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஆட்கள் தெருவில் பழைய வண்டி எதுவும் மிச்சமில்லை. எல்லோரும் டிராக்டருக்கு மாறியிருந்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் ஒரு மரச்சக்கர வண்டி சும்மா கிடக்கிறது, ஆனால் நீங்கள் எதற்கு அங்கே போகிறீர்கள் என்றார்கள். எங்கள் ஆட்களும் அந்தத் தெருக்காரர்களும் ஒரே கோயிலில் ஒரே புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறவர்கள்தான். உட்காருவது மட்டும் தனித்தனிப் பக்கம். நான் வாய்க்காலைத் தாண்டிப் போனேன்.

வண்டி ஒரு வேப்பமர நிழலில் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு அம்மா மடியில் முறம் போன்ற சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயசிருக்கும். நான் சக்கரத்தை வரைய ஆரம்பித்ததும் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். பாட்டுத் தாத்தாவின் பெயரைச் சொன்னதுமே அவர் முகம் மலர்ந்தது. சக்கரம் கையில் ஏறிய கதைக்கு வந்ததும் சுற்றுவதை நிறுத்தினார்.

"வண்டியா? எந்த வண்டியச் சொல்லுதிய?"

"கன்வென்ஷனுக்குப் போனப்ப..."

"டீச்சர், நீங்க யாரு வீட்டுப் பிள்ள?"

அண்ணன் வழி என்று சொன்னேன். அந்த அம்மா இன்னொரு பீடி இலையை எடுத்தார். பிறகு பீடியைச் சுற்றிக்கொண்டே சொன்னார். குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. நேற்றுப் பெய்த மழையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார்.

கோயில் பண்டிகையில் அசனம் நடக்கும். சபை முழுக்கக் கூடி ஆக்கி உண்பதற்கு அந்தப் பெயர். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு முதல் பந்தி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தவர்களுக்குக் கடைசிப் பந்தி. அந்த வருஷம் பாட்டுத் தாத்தா கட்டிய புதுக் கீர்த்தனையை முதலில் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் பாடினார்கள். பாடி முடிந்ததும் அவர் முதல் பந்தியில் உட்காரவில்லை. கடைசிப் பந்தியில் அவர்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"அண்ணன்காரர் வந்து சட்டையப் பிடிச்சு எழுப்பி, தரதரன்னு சோறாக்குற ஆக்குப்பெறைக்கு இழுத்துட்டுப் போனாவ. அங்கன மசாலா இடிக்க உரல் கெடக்கும்லா? அந்தச் சோத்துக் கைய உரல் வாயில வச்சு, உலக்கையால ஒரே போடு. ரெண்டாவதும் போட்டாவளாம். எங்க மாமனாரோட அப்பா அன்னைக்கி சின்னப் பிள்ள, பக்கத்துலயே நின்னு பாத்திருக்காவ. கையில ஒட்டியிருந்த சோறு செவந்துபோச்சாம்."

பென்சிலைக் கீழே வைத்தேன்.

"அப்ப வண்டி?"

"வெள்ளக்கார ஐயர் வந்து விசாரிச்சாரு. எங்காளுக சொல்லக் காத்துக்கிட்டுதான் நின்னாவ. ஆனா பாட்டுக்காரரே, வண்டி ஏறிட்டு ஐயரேன்னு சொல்லிட்டாவ. அவுக வாயாலயே சொன்ன பெறவு நாங்க என்னத்தச் சொல்ல? எதுக்கு அப்படிச் சொன்னாவன்னுதான் எங்களுக்கு இன்னும் வெளங்கல." சுளகைத் தட்டினார். "அவுக செத்த அன்னைக்கி, ஒவ்வொரு வருசமும் எங்க தெருவுல வலது கையால ஒரு உருண்ட சோறு உருட்டி, தெருவுல சின்னப் பிள்ள எதுவோ அது வாயில குடுப்போம். ஐயருக்குத் தெரிஞ்சா வைவாரு. நீங்க சொல்லிராதிய."

அந்தப் பக்கம் வலது கையால் உருட்டிக்கொண்டிருந்தார்கள், இந்தப் பக்கம் நாங்கள் இடது கையால் அள்ளிக்கொண்டிருந்தோம். ஒரே நாளில், ஒரே மனுஷருக்காக. நடுவில் ஒரு வாய்க்கால். எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் கல் விழுந்தது. ஷட்டர் இறங்காத ஒரே ஜன்னல் என் சீட்டில் இருந்தது. கண்டக்டர் "குனிங்க, குனிங்க" என்று கத்தினார். அடுத்த கல் முன்கண்ணாடியை நொறுக்கியது. ஜன்னல் வழியாக வந்த இன்னொரு கல் பட்டு, என் பக்கத்தில் இருந்த வயசான மனுஷர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அப்படியே என் மடியில் சாய்ந்தார். விரலிடுக்கு வழியாக ரத்தம் என் டிராயிங் நோட்டில் சொட்டியது. என் முந்தானையால் அவர் நெற்றியை அழுத்திப் பிடித்தேன். டிரைவர் நிறுத்தாமல் ஓட்டினார். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அந்த மனுஷர் என்னைப் பார்த்து, "வீட்டுல கேட்டா பஸ்ல இடிச்சிக்கிட்டேன்னு சொல்லிக்கிடுதேம்மா. இல்லன்னா நாளைக்கி எங்க பயலுவ அருவாளத் தூக்கிட்டுக் கெளம்பிருவானுவ" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அடித்தவன் சும்மா இருக்கிறான். அடிபட்டவன் உட்கார்ந்து பொய் யோசிக்கிறான். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, சக்கரம் வரைந்த தாளைக் கிழித்து எறிந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஏழாம் பக்கத்தை வரைந்தேன். ஆக்குப்புரை. நடுவில் உரல். உரல் வாயில் ஒரு கை. அதன் விரல்களில் சோற்றுப் பருக்கை. மேலே ஓங்கிய உலக்கை. உலக்கை பிடித்தவரின் முகத்தை வரையும்போது எந்த முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. என் கை தானாக அப்பாவின் முகத்தை வரைந்தது. நான் அதைத் தடுக்கவும் இல்லை. அதன் மேல் டிரேசிங் தாளைப் போர்த்தி, சிவப்பில் பருக்கைகளை மட்டும் வைத்தேன். பதினாறு பக்கத்தில் நான் நன்றாக வரைந்தது அது ஒன்றுதான். இதைத் தற்பெருமை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

கீழே எழுதியது: "அவருடைய அண்ணன் அவருடைய கையை ஒடித்தார். அவர் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காக."

அப்பா எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியாது. மூச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

"என்னட்டி இது?"

"ஏழாம் பக்கம்."

"வண்டிய எங்க?"

"வண்டியே இல்லப்பா. விசாரிச்சுட்டு வந்தேன்."

"எவ சொன்னா ஒனக்கு? வாய்க்காலுக்கு அங்கிட்டுப் போனியா?" அப்பாவின் குரல் உடைந்தது. "எங்க தாத்தா மடியில உக்காந்து சோறு தின்னவன்டி நான். இந்தக் கை எனக்கு ஊட்டி விட்ட கை. இதப் போயி நீ..."

அவர் படத்தில் உலக்கை பிடித்த கையைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். அது யார் முகம் என்று தெரிந்துகொண்டார். அட்டையைப் பறிக்கக் கையை நீட்டினார். நான் வலது கையை விரித்துப் படத்தின்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"கைய எடு."

"எடுக்க மாட்டேன்."

ரூல்தடி அதே மேஜையில்தான் இருந்தது. நான் கோடு போட வைத்திருந்தேன். அப்பா எடுத்தார். முதல் அடி மணிக்கட்டில் விழுந்தது. இங்க் பாட்டில் கவிழ்ந்து தரையில் ஓடியது. "எடுட்டி" என்றார். நான் எடுக்கவில்லை. இரண்டாவது அடி விரல் முட்டியில். மூன்றாவது அடி விழுந்தபோது உள்ளே மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதை நாங்கள் இரண்டு பேருமே கேட்டோம். அப்பா எங்கே விழுகிறது என்று தெரியாமல் அடிக்கிறவர் அல்ல. நாற்பது வருஷப் பழக்கம். எந்தக் கை என்று அவருக்குத் தெரியும். அந்தக் கைதான் வரையும் என்றும் தெரியும். நான் கையை எடுத்திருந்தால் கை தப்பியிருக்கும், படம் கிழிந்திருக்கும். எனக்குப் படம்தான் வேண்டியிருந்தது.

அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அவிய கோவம் ஒனக்குத் தெரியாதா? எடுத்திருக்கலாம்லா? எடுத்திருக்கலாம்லா?" என்று அழுதாள். அடிக்காதீர்கள் என்று அப்பாவைப் பார்த்து ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் அந்த வார்த்தையை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே கால் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். என்னால் குனிய முடியவில்லை. அப்பா குனிந்து கழற்றி, என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். அறுபத்துமூன்று வயசு. செருப்பு இரண்டும் ஒன்றோடு ஒன்று தட்டிக்கொண்டே இருந்தன.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எப்படி ஆச்சு?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். உண்மையைத்தான் சொல்லப் போகிறேன் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

"பஸ் படியில விழுந்துட்டேன்."

டாக்டர் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். "விழுந்தா கையோட மேல்பக்கம் இப்படி ஒடியாதும்மா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மேலும் கேட்கவில்லை. இரண்டு விரலுக்கும் புறங்கைக்கும் சேர்த்து மாவுக்கட்டுப் போடச் சொன்னார்.

ஈர மாவு கையில் இறுகிக்கொண்டு வந்தபோது எனக்குப் புரிந்தது. வண்டி எப்படி வந்தது என்று புரிந்தது. அண்ணனைக் காப்பாற்ற அவர் பொய் சொல்லவில்லை. வெள்ளைக்காரருக்கும் பயப்படவில்லை. கூடப்பிறந்தவன் கையால் இப்படி அடி வாங்கினேன் என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அந்த அண்ணன் பக்கத்தில் அவருடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு நின்றுகூட இருக்கலாம். அவ்வளவு கீர்த்தனை கட்டிய மனுஷருக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. பீடி சுற்றுகிற அந்த அம்மாவுக்கு விளங்காதது எனக்கு விளங்கிவிட்டது. அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. என்மேல் எனக்கே காறித் துப்பணும் போல இருந்தது.

பள்ளிக்கூடத்திலும் பஸ் படி என்றேன். பக்கத்து வீட்டிலும் பஸ் படி என்றேன். ஒரு வாரத்தில் அது எந்த பஸ், எந்த ஸ்டாப் என்றெல்லாம் எனக்கே தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. அப்பா படத்தைப் பற்றிப் பேசவில்லை. சம்மதக் கடுதாசியும் எழுதவில்லை. நான் பதினாறு அட்டையையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். ஐயர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். கடுதாசி இல்லாமல் அச்சுக்குப் போகாது.

நாலாவது வாரம் பாட்டுத் தாத்தாவின் நினைவு நாள் வந்தது. அண்ணன், மதினி, அவர்கள் மகள் எல்லோரும் வந்தார்கள். பிள்ளைக்கு ஆறு வயசு. வரிசையாக இலை போட்டார்கள். அம்மா உடன்குடிக் கருப்பட்டி போட்டுப் பாயசம் வைத்திருந்தாள். அப்பா ஜெபம் பண்ணினார். வண்டிக்காரனை இந்த வருஷமும் மன்னித்தார். பிறகு எல்லோரும் இடது கையால் ஆரம்பித்தோம். என் வலது கை மாவுக்கட்டோடு மடியில் கிடந்தது. அன்றைக்கு அந்தப் பந்தியில் வேறு வழியில்லாமல் இடது கையால் சாப்பிட்டவள் நான் ஒருத்திதான்.

பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடாமல் என் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, ஒங்க கையிலயும் வண்டியா ஏறிட்டு?"

"அத்த பஸ்ல விழுந்துட்டா, நீ தின்னுளா" என்றாள் அம்மா அவசரமாக.

இந்தப் பிள்ளை பெரியவளாகி, அவள் பிள்ளைக்கு அத்தையின் பஸ் கதையைச் சொல்லுவாள். அந்த டிரைவரையும் உட்கார்ந்து மன்னிப்பார்கள். அதை நினைத்ததும் எனக்குக் கூச்சம் விட்டுப்போனது.

"இல்லளா. வண்டியும் இல்ல, பஸ்ஸும் இல்ல. தாத்தா ரூல்தடியால அடிச்சாவ. கை ஒடிஞ்சு போச்சு."

பிள்ளை தாத்தாவைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள்.

"அப்ப பாட்டுத் தாத்தாவ?"

"அவுகள அவுக அண்ணன் அடிச்சாவ. உலக்கையால. எல்லாரோடயும் சேந்து உக்காந்து சாப்பிட்டாவன்னு."

"அப்ப நாம எதுக்கு இடது கையால திங்கோம்?"

சொல்லிவிட்டு, வலது கையை இலையில் வைத்துச் சோற்றைப் பிசைந்தாள். சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வயசில் கேள்விக்குப் பதில் வராவிட்டால் கை அதுபாட்டுக்குத் தன் வேலையைச் செய்யும்.

அண்ணன் எட்டி வந்தான். "ஏளா, எடு கைய" என்றான். கை ஓங்கியாயிற்று. எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் மாவுக்கட்டைத் தூக்கிப் பிள்ளையின் கைக்கு மேலே நீட்டினேன். அண்ணனின் கை அதில் விழுந்தது. கட்டு விரிசல் விட்டது. உச்சந்தலை வரை வலி ஏறி, கண் இருட்டி, மறுபடி தெளிந்தது. அண்ணன் தன் விரலை உதறிக்கொண்டு "ஐயோ" என்றான். பாயசக் கிண்ணம் கவிழ்ந்து இலைக்கு அடியில் ஓடியது. அவன் மறுபடி கை ஓங்கினான். இந்தத் தடவை என்னைப் பார்த்து ஓங்கினான்.

"விடுலே" என்றார் அப்பா.

சத்தமாகச் சொல்லவில்லை. அண்ணனுக்கு மந்தமான காது அந்தப் பக்கம். "லே, விடுன்னு சொல்லுதேன்" என்று இன்னொரு தடவை சொன்னார். இடது கையில் அள்ளிய சோறு அவர் விரலிடுக்கிலேயே இருந்தது. அதை வாயில் போடவும் இல்லை, கீழே போடவும் இல்லை. அப்படியே எழுந்து, கை கழுவாமல் முன்னறைக்குள் போய்ப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை.

பிள்ளை சாப்பிட்டாள். வலது கையால், கடைசிப் பருக்கை வரைக்கும். நான் இடது கையால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்தேன். சம்மதக் கடுதாசிக்கு அப்பாவின் கையெழுத்துதான் வேண்டும் என்று யார் சொன்னார்கள்? ஐயர் கேட்டது குடும்பத்திலிருந்து என்றுதான். உலக்கை பிடித்தவர் வழியில் வந்தவள் நானும்தானே. பதினாறு பக்கத்துக்கும், முக்கியமாக ஏழாம் பக்கத்துக்கும், எங்கள் குடும்பம் சம்மதிக்கிறது என்று இடது கையால் எழுதினேன். நாலு வரி எழுத முக்கால் மணி நேரம் ஆனது. எழுத்து கோணல்மாணலாக ஏறி இறங்கியது.

மறுநாள் ஐயர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், வீட்டுல சின்னப் பிள்ள எழுதுன மாதிரில்லா இருக்கு? கை என்னாச்சு?"

"எங்கப்பா ஒடிச்சிட்டாவ ஐயரே" என்றேன்.